கீபோர்டு இல்லாத பெரிய வெள்ளி

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் ஆலயத்தில் அல்லேலூயா பாடுவதில்லை. சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழா வரைக்கும் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் விடுமுறை. புதுநன்மை வாங்கிய சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். பாடகர் குழுவில் பல வருஷமாகப் பாடிய சலூன்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? அவருக்குத் தெரியும். அவர் வாய்க்குத்தான் தெரியவில்லை.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு அது. நற்செய்தி வாசகத்துக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். மற்ற நாளில் அதற்கு முன் பாடுவது அல்லேலூயாதான். பழக்கதோஷம்! மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் சலூன்காரர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "அல்லேலூயா" என்று ஒற்றை ஆளாக எடுத்துவிட்டார். நல்ல கனமான குரல் வேறு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு விழித்தார்கள். கீபோர்டு வாசிப்பவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் குலுங்கிய குலுக்கலில் கை எங்கேயோ பட்டு கீபோர்டும் ஒரு தரம் கனைத்தது.

அந்தக் கீபோர்டுக்காரர் அந்நியரில்லை. சலூன்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பது அவர் தொழில். போகிற வீட்டிலெல்லாம் ஃப்ரிட்ஜைத் திறந்தாரோ இல்லையோ, இந்தக் கதையைத் திறந்தார். ஒரே வாரத்தில் சலூன்காரருக்கு 'அல்லேலூயா' என்று பெயர் விழுந்தது. முகச்சவரத்துக்கு வருகிறவர்கள்கூட, "என்ன அல்லேலூயா, நாற்காலி காலியா?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தார்கள்.

சலூன்காரர் சண்டைக்குப் போகவில்லை. பாடகர் குழுவிலிருந்து நின்றுகொண்டார். மச்சானோடு பேச்சை நிறுத்தினார். மச்சானுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு சிரிப்பைத் தாங்க மாட்டாரா?" என்று அவரும் சலூன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்காக வேறு கடையில் தலையைக் கொடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. முடி காதை மூடி, சட்டைக் காலரில் இறங்கியது. ஆலயத்தில் சிலர் அதை அவருடைய தவமுயற்சி என்றே நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பார்த்தார்கள்.

இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளம்போல் அடிபட்டவள் மனைவிதான். "எனக்கு அண்ணனும் வேணும், நீங்களும் வேணும். வெறும் சிரிப்புக்குப் போய் யாராவது உறவை முறிச்சுக்குவாங்களா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"சிரிச்சதுக்கு இல்ல. ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாரே, அதுக்கு" என்றார் சலூன்காரர்.

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறன்று சலூன்காரர் பவனியில் எல்லோருக்கும் பின்னால் நடந்துபோய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முன்னால் பாடகர் குழு பாடப் பாட, இவர் உதடு தானாக அசைந்தது. மனைவி அதைப் பார்த்தாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வாரம்தான் கீபோர்டுக்காரருக்குச் சோதனை வந்தது. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் வானவர் கீதம் என்ற பாட்டு முடிந்ததும் மணியும் இசைக்கருவிகளும் நின்றுவிடும். பெரிய வெள்ளி முழுக்க வெறும் குரல்தான். வருஷா வருஷம் அன்றைக்குப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவர் பாடகர் குழுவிலிருந்த ஒரு டீச்சர். இந்த வருஷம் அவருக்குத் தொண்டை கட்டி, பேசினாலே காற்றுதான் வந்தது. அவர் இல்லாமல், கீபோர்டை மூடிவைத்து ஒத்திகை பார்த்தார்கள். தரையில் தொடங்கிய பாட்டு, ஆகாயத்தில் போய் நின்றது. பெண்கள் எட்ட முடியாமல் நிறுத்தினார்கள். ஆண்கள் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த பங்குத்தந்தை கீபோர்டுக்காரரிடம் வந்தார். "உங்க மாப்பிள்ளை இருந்தா இந்தப் பாடு இல்லையே."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவார், ஃபாதர்."

"வருவார். ஆனா அவரு எதிர்பார்க்கிறது என் வார்த்தை இல்லையே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் சலூனில் கூட்டம் இல்லை. சலூன்காரர் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மச்சான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் துணியை உதறிக் கழுத்தில் கட்டினார். தண்ணீர் தெளித்தார்.

"எப்படி வெட்டணும்?" புது ஆளிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"எப்பவும் வெட்டற மாதிரிதான், மாப்ளே."

கத்தரி பேசத் தொடங்கியது. முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. மச்சான் கண்ணாடியைப் பார்த்தே பேசினார். நேருக்கு நேர் பேசுவதைவிட அவருக்கு அது சுலபமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை பாட ஆள் இல்ல."

"டீச்சர் இருக்காங்களே."

"தொண்டை போச்சு. நேத்து ஒத்திகைய நீங்க கேட்டிருக்கணும். நாய்கூட எங்களோட சேர்ந்து பாடாது."

சலூன்காரருக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சீப்பை மாற்றினார்.

"மாப்ளே, அன்னைக்கு சிரிச்சேன். அது என் கையில இல்ல, அடக்கத்தான் பார்த்தேன். ஆனா அப்புறம் வீடு வீடா போய் சொன்னேன் பாருங்க, அது தப்பு. நானே பண்ணின தப்பு."

"தலைய ஆட்டாதீங்க. காது போயிடும்."

"காது போனா போகட்டும். நீங்க வருவீங்களா?"

சலூன்காரர் சீப்பைக் கீழே வைத்தார். பிடரியில் நுரை தடவி, கத்தியை மெதுவாக இழுத்தார். அந்தக் கத்தி கழுத்தை விட்டு விலகுகிறவரை மச்சான் மூச்சுகூட விடவில்லை. பவுடர் போட்டுத் துணியை அவிழ்த்தபோதுதான் சலூன்காரர் வாயைத் திறந்தார்.

"எந்தப் பாட்டு?"

பெரிய வெள்ளி, பிற்பகல். பலிபீடத்தில் விரிப்பு இல்லை, பூ இல்லை. நற்கருணைப் பேழை வெறுமையாகத் திறந்திருந்தது. கீபோர்டின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. அதன் பக்கத்தில், செய்ய வேலை இல்லாத மச்சான் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இயேசுவின் பாடுகளை வாசித்து முடித்து, மன்றாட்டுகள் முடிந்து, மக்கள் சிலுவையை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, வரிசையில் நின்றபோது சலூன்காரர் எழுந்தார். இன்னொரு முறை தப்பாக எடுத்தால் இந்த ஊரில் கடை போட முடியாது என்று ஒரு நினைப்பு ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியை எடுத்தார். குரல் எடுத்த சுருதியிலேயே, ஏறாமல் இறங்காமல் நின்றது. குழு பின்னால் வந்து பிடித்துக்கொண்டது. இருமல் சத்தங்கள் அடங்கின.

பாட்டு முடிந்தும் வரிசை முடியவில்லை. தள்ளுநாற்காலியில் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு தாய், முழங்காலிட்டு எழ முடியாதவர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். சலூன்காரர் மறுபடி முதலிலிருந்து எடுத்தார். மூன்றாம் தரம் எடுக்கும்போது மூச்சு வாங்கியது. அதைக் கவனித்தது மச்சான் ஒருவர்தான். ஆயுசில் பாடாத மனிதர், கீபோர்டுக்குப் பின்னாலேயே காலம் தள்ளியவர், கைகொடுக்கிற வேகத்தில் எழுந்து நின்று பாடினார். அரை வரி முன்னாலேயே பாடிவிட்டார். கரகரத்த குரல், தன்னந்தனியாக, கூரை வரைக்கும் போனது. போனபிறகுதான் அவருக்கே தெரிந்தது. முகம் வெளிறிப்போய்ச் சலூன்காரரைப் பார்த்தார்.

சலூன்காரர் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. மச்சான் விட்ட சொல்லிலிருந்தே வரியை வாங்கி, அதே உயரத்தில் கொண்டுபோனார். முதலில் ஒருவர் எடுப்பதும் அடுத்து மற்றவர் தொடர்வதும் ஏற்பாடு செய்த மாதிரியே இருந்தது. அடுத்த வரியையும் மச்சானுக்கே விட்டுக்கொடுத்துக் கண்ணால் சாடை காட்டினார். மச்சான் இந்தமுறை சரியாகப் பிடித்தார். வரிசையின் கடைசி ஆள் முத்தி செய்து திரும்பும்வரை இருவரும் மாற்றி மாற்றிப் பாடினார்கள். வெளியே வரும்போது டீச்சர் காற்றுக் குரலில், "இது யாரு யோசனை? ரொம்ப உருக்கமா இருந்துச்சே" என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர வாய் திறக்கவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு காலையில் மணிகள் அடித்து ஓய்ந்தன. கீபோர்டு பழையபடி முழங்கியது. திருப்பலி முடிந்து மச்சான் குடும்பத்தோடு தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கையைக் கழுவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"மாப்ளே, வெள்ளிக்கிழமை நான் உளறினேனே, உங்களுக்குச் சிரிப்பு வரலையா?"

"வராம? வயிறு முட்ட வந்துச்சு. துக்க நாளாச்சேன்னு முழுங்கிட்டேன்."

"இப்ப துக்கம் முடிஞ்சுதே."

அவ்வளவுதான். சலூன்காரருக்கு அடக்கிவைத்ததெல்லாம் பீறிட்டுக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சான் தன்னுடைய கரகரத்த குரலை அப்படியே ஒரு தரம் பாடிக் காட்டிவிட்டு அவரும் சேர்ந்துகொண்டார். சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி, இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். என்னவென்று கேட்டும் யாரும் சொல்கிற நிலையில் இல்லை.

"சிரிச்சது போதும், சோறு ஆறுது. உட்காருங்க" என்றாள். பரிமாறப் போனவள், என்ன நினைத்தாளோ, தனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர்களோடேயே உட்கார்ந்துவிட்டாள்.