குளிர்பெட்டிப் பார்சல்

அரைப்புள்ளி இரண்டு மடிக்கணினிகளையும் கண்ணாடி மேசையின்மேல் அருகருகே வைத்துத் திரையை எங்கள் பக்கம் திருப்பியபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இடப்பக்கத் திரையில் என் கணவர் கொடுத்த புரோகிராம். வலப்பக்கத்தில் நான் கொடுத்தது. பெயர்கள் மட்டும் வேறு. மற்றபடி, ஒரே ஒரு சொல் தவிர, வரிக்கு வரி ஒன்றேதான், பொத்தானை மட்டும் மாற்றித் தைத்த சட்டை மாதிரி. நான் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அரைப்புள்ளி எங்கள் பயிற்சியாளர். பின்வரிசையில் யாராவது புரோகிராமில் ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி வைக்க மறந்தால், முன்னால் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவார் என்பதால் வகுப்பு அவருக்கு வைத்த பெயர் அது. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். இருந்தாலும் எங்கள் பிழைப்பு அவர் கையில் இருந்தது. நாங்கள் எல்லோரும் அந்த நிறுவனத்தின் பில் சரிபார்ப்புப் பிரிவில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவர்கள். இனிமேல் பில்லைக் கணினியே சரிபார்த்துக்கொள்ளும் என்று ஆனபோது, எங்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பாமல், ஜாவா என்ற கணினி மொழியைப் படித்துத் தேறுகிறவர்களுக்கு வேறு பிரிவில் இடம் உண்டு என்றார்கள். தேறாதவர்களுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது?

"ரெண்டுல ஒண்ணுதான் ஒரிஜினல்" என்றார் அரைப்புள்ளி. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "காப்பி அடிச்சது யாருன்னு நான் மத்தியானத்துக்குள்ள மேல சொல்லியாகணும். அவங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிடுவாங்க. இந்த விஷயத்துல ரெண்டாவது சான்ஸ் கிடையாது. உங்களுக்கே தெரியும்."

"சேர்ந்து பண்ணினோம் சார்" என்றார் என் கணவர்.

"தனித்தனியா பண்ணச் சொன்ன பயிற்சி சார் அது."



பயிற்சி இதுதான். ஒரு பார்சல் அலுவலகம். பார்சல் என்று பொதுவாக ஒரு கிளாஸ், அதாவது ஒரு மாதிரி வார்ப்பு, எழுத வேண்டும். அதிலிருந்து சாதா பார்சல், கண்ணாடிப் பார்சல், அவசரப் பார்சல் என்று வகைகள் பிறக்க வேண்டும். ஒவ்வொரு வகையும் தன் கட்டணத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். கவுன்டரில் இருப்பவர் எந்தப் பார்சலிடமும் "நீ என்ன ஜாதி?" என்று விசாரிக்கக் கூடாது. "உன் கட்டணம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்க வேண்டும். முதல் தடவை இது புரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. இத்தனை வருஷம் ஒவ்வொரு பில்லையும் நீ என்ன, நீ என்ன என்று விசாரித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் இல்லையா நான்! என் கணவருக்கு அது பிடிபடவில்லை. எதைக் கொடுத்தாலும் கவுன்டருக்கான கிளாஸுக்குள் போய் ஒரு இஃப் போட்டுவிடுவார். கண்ணாடியா இருந்தா இவ்வளவு, அவசரமா இருந்தா அவ்வளவு என்று இஃப்புக்குமேல் இஃப் அடுக்குவார். நானும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தேன். "சரி சரி" என்பார். அடுத்த பயிற்சியிலும் இஃப்தான்.

போன வாரம், பார்சல் பயிற்சியைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் எங்கள் பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. "நீ உட்கார்ந்து முடி, நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று அவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். தோளில் தூங்கும் குழந்தையோடு திரும்பி வந்தபோது நான் முடித்திருந்தேன். அவர் ஆரம்பிக்கவே இல்லை. "இத எடுத்துப் பேரெல்லாம் மாத்தி அனுப்பிடுங்க" என்று சொன்னது நான்தான். அவர் கொஞ்சநேரம் தயங்கினார், பிறகு சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து அனுப்பிவிட்டார். நான் அப்படி அனுப்புகிறவள் இல்லை. காலையில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். ஓட்டிப் பார்த்தபோது தூக்கிவாரிப்போட்டது. எடைக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் எடை ஒவ்வொரு பார்சலுக்கும் தனியாக இராது, எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும். கடைசியாக வந்த பார்சல் என்ன எடையோ, அதுதான் எல்லாப் பார்சலுக்கும் எடை. முதல்நாள் நான் சோதித்ததெல்லாம் ஒரே எடையுள்ள பார்சல்கள் என்பதால் தப்பு தெரியவில்லை. திருத்தி அனுப்பினேன். அவரிடம் சொன்னபோது, "நான்தான் அனுப்பிட்டேனே" என்றார். அதோடு விட்டுவிட்டோம்.

அந்தத் தப்புதான் இப்போது மேசைமேல் கிடந்தது.

"மேடம், நான் மனசுல பட்டதச் சொல்லிடறேன்" என்று அரைப்புள்ளி என் பக்கம் திரும்பினார். "சார் முந்தின நாள் ராத்திரியே அனுப்பிட்டாரு. நீங்க மறுநாள் காலைலதான் அனுப்பினீங்க. அவரோடதுல ஒரு தப்பு இருக்கு. உங்களோடதுல அது சரியாயிருக்கு. இதப் பார்க்கிற யாருக்கும் என்ன தோணும்?"

என்ன தோன்றும்? அவர் எழுதியதை எடுத்து, தப்பைத் திருத்தி, என்னுடையது என்று நான் கொடுத்திருக்கிறேன் என்றுதான் தோன்றும். நான் அரைப்புள்ளியின் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். கணவர் இப்போது வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். அவர் கழுத்துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டார், அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தால் அவர் வேலை போகும். அவர் திறந்தாலும் அவர் வேலைதான் போகும். இரண்டு பேரும் திறக்காவிட்டால் என் வேலை போகும். ஜாவா படிக்காதவருக்கும் புரிகிற கணக்கு.

அரைப்புள்ளி நல்லவர். யூகத்தை வைத்து ஒருவர் சோற்றில் கைவைக்க அவருக்கு மனம் வரவில்லை. "சரி, ஒண்ணு பண்ணலாம்" என்றார். "அந்த ஸ்டாட்டிக்க மட்டும் நான் எடுத்துட்டேன். இப்ப ரெண்டு பேர்கிட்டயும் இருக்கிறது ஒரே புரோகிராம். புதுசா ஒரு வகை சேருங்க. குளிர்பெட்டிப் பார்சல். எத்தனை மணி நேரம் குளிர்ல வைக்கிறோமோ அதுக்குத் தனிக் கட்டணம். ஏற்கெனவே இருக்கிற கிளாஸ் எதையும் தொடக் கூடாது. எழுதினவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல. எழுதாதவங்க எங்க கை வைக்கிறதுன்னு தெரியாம முழிப்பாங்க."

எங்களை முதுகுக்கு முதுகு உட்கார வைத்தார். தான் சன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

எனக்கு அது நிஜமாகவே ஒன்றுமில்லை. புதிதாக ஒரு கிளாஸ், பார்சலிலிருந்து பிறந்தது. அதற்கு மட்டும் கூடுதலாகக் குளிர் நேரம் என்று ஒன்று. கட்டணம் கேட்டால் எடைக்கு இவ்வளவு, நேரத்துக்கு இவ்வளவு என்று கூட்டிச் சொல்ல வேண்டும். விரல்கள் தாமாகவே ஓடின. ஓட்டிப் பார்த்தேன். கவுன்டர் கிளாஸுக்குக் குளிர்பெட்டி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. ஆனாலும் கட்டணத்தைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்லிவிட்டது. வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் சிரித்திருப்பேன்.

பின்னால் அவர் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பத்து எழுத்து தட்டுவார். பிறகு அழிப்பார். அழிக்கிற சத்தம் தனி. ஒரே விசையை விடாமல் தட்டுகிற சத்தம். மறுபடி தட்டுவார், மறுபடி அழிப்பார். அதற்கப்புறம் சத்தமே இல்லை. நாற்காலி கிறீச்சிட்டது. நீளமாக ஒரு பெருமூச்சு என் பின்னங்கழுத்தில் வந்து விழுந்தது போல் இருந்தது. மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். கவுன்டருக்குள் போய் இஃப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

வேலை இல்லாத இவரை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில், பழைய நிறுவனத்தை மூடியபோது. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பார். நான் வேலைவிட்டு வரும்போது கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பார், ஏதோ நான் வீட்டுச் சொந்தக்காரி மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தால் மாடிப்படியிலேயே நின்று அவர் போகும்வரை காத்திருப்பார். ஒரு தடவை, சவரம் செய்துகொள்ளலாமா என்று என்னைக் கேட்டார். அப்போதாவது வயது இருந்தது. இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. இந்த வயதில் வெளியே போய் யாரிடம் நிற்பார்? எனக்கு எங்காவது ஒன்று கிடைத்துவிடும். நான் கற்றுக்கொள்வேன்.

தியாகம் கியாகம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அலுத்துப்போயிருந்தது. அந்த மனிதரை மறுபடி அப்படிப் பார்ப்பதைவிட என் வேலை போவது சுலபம் என்று பட்டது. அவர் பேசாமல் உட்கார்ந்திருந்ததன் ஆத்திரமும் அதில் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் எழுதிய புது கிளாஸை முழுசாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். தொடக் கூடாது என்ற கவுன்டர் கிளாஸைத் திறந்தேன். குளிர்பெட்டியாக இருந்தால் என்று ஒரு இஃப் போட்டு, அதையும் அரைகுறையாக விட்டேன்.

"போதும். ரெண்டு பேரும் கைய எடுத்துடுங்க" என்றார் அரைப்புள்ளி.

முதலில் என் கணவரின் திரைக்குப் போனார். குனிந்து பார்த்தார். எதையோ தட்டி ஓட்டினார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. "சூப்பர் சார்" என்று குரல் வந்தது. நான் சடாரென்று திரும்பினேன். திரையில் குளிர்பெட்டி என்று புது கிளாஸ் இருந்தது. பார்சலிலிருந்து பிறந்தது. கட்டணத்தைத் தானே சொல்லிக்கொண்டது. கவுன்டரை அவர் தொடவே இல்லை. நான் எழுதி அழித்ததைவிட ஒரு வரி குறைவாகக்கூட இருந்தது.

பிறகு அரைப்புள்ளி என் திரைக்கு வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மேடம்..." என்று இழுத்தார். அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. அதற்குள் அடுத்த குழு அறைக்காகக் கதவைத் தட்டியது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வருவதற்காக அவர் வெளியே போனார்.

என் கணவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, திரையை மேலிருந்து கீழாக உதடு அசையப் படித்தார். இஃப் வரிக்கு வந்ததும் உதடு நின்றது. புரிந்துகொண்டார். நான் இதை வேண்டுமென்றேதான் போட்டிருக்க முடியும் என்று உலகத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே.

"இந்த வாரம் பூரா மத்தியானத்துல நான் சாப்பிடப் போகல, தெரியுமா?" என்றார், சத்தமே வராமல். "உன் புரோகிராமத்தான் அழிச்சு அழிச்சுத் திரும்ப அடிச்சுட்டு இருந்தேன். பார்க்காம வர்ற வரைக்கும்."

"எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்க சொல்லவே இல்லையே."

"தப்பில்லாம வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்." என்னைப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "என்னால முடியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட, இல்ல?"

உங்களுக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அதுவும், உங்களால் முடியாது என்பதையேதான் சொல்லும். அவர் தேறிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு சின்னக் குரல், இப்போதாவது சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று கத்திக்கொண்டிருந்தது. சொன்னால் இவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்றவர் நாளையிலிருந்து வீட்டில் இருக்க வேண்டும். அது தெரிந்தும் அந்தக் குரல் நிற்கவில்லை.

கதவு திறந்தது. அரைப்புள்ளி உள்ளே வந்து, நிற்கும் அவரையும் உட்கார்ந்திருக்கும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடைசியா கேட்கிறேன் சார். நீங்க எழுதினதுதானே இது?"

என் கணவர் மேசையில் ஊன்றியிருந்த கையை எடுத்து நிமிர்ந்தார். கை இருந்த இடத்தில், கண்ணாடியின்மேல், உள்ளங்கையும் ஐந்து விரல்களும் வியர்வையில் அச்சாகப் பதிந்திருந்தன. விரல் நுனிகள் முதலில் காயத் தொடங்கின. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்குமேலே அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.