ஏழாம் கம்பெனியின் மேயர்

முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சவரக்கடை நாற்காலியில் சாய்ந்திருந்தார் மேயர் ஆம்புரோஸ் டன்லீவி. நீராவிப் படகுகள் வந்து நிற்கும் அந்த ஓஹையோ ஆற்றங்கரை நகரத்தில், மேயரிடம் காரியம் ஆகவேண்டுமென்றால் காலையில் இந்தக் கடைக்குத்தான் வரவேண்டும். ஒருகாலத்தில் அவர் கசாப்புக் கடைக்காரர். ஊரில் தீயணைக்கும் தொண்டர் கம்பெனிகளில் பெரியதான ஏழாம் கம்பெனிக்குத் தலைவர். அந்த ஆட்கள் தெருத்தெருவாக மிரட்டியும் கெஞ்சியும் வாங்கித் தந்த ஓட்டில்தான் இரண்டு முறை மேயரானார். அடுத்த மாதம் மறுபடி தேர்தல்.

தீ மணி அடித்தது. பழக்கதோஷம், நுரையைக்கூடத் துடைக்காமல் ஓடினார்.

ஓட்டிலியாவின் ரொட்டிக்கடை எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் கம்பெனி முதலில் வந்துவிட்டது. ஆனால் தோல்குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள்! தெருமுனைத் தண்ணீர்க் குழாயின்மேல் பீப்பாயைக் கவிழ்த்து, அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான் ஏழாம் கம்பெனியின் ராஃபர்ட்டி. முதலில் தண்ணீர் அடிக்கும் கம்பெனிக்குத்தான் ஊர்வலமும் விருந்தும். அதனால் தன் வண்டி வரும்வரை மற்றவனுக்குச் சொட்டு கிடையாது. இந்த அக்கிரமத்தை ஊரே வீரம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தது!

"வாங்க தலைவரே! ஒரு பயல நெருங்க விடல. நீங்க சொல்லிக்குடுத்த வித்தைதானே!" என்று இளித்தான் ராஃபர்ட்டி.

டன்லீவிக்குச் சுருக்கென்றது. இப்படிக் குழாயை மறித்து உட்கார்ந்துதான் அவரும் வாலிபத்தில் பேர் வாங்கினார்.

மாவு அப்பிய கையோடு ஓடிவந்து அவர் கோட்டைப் பிடித்தாள் ஓட்டிலியா. "தண்ணி இருக்கு, பம்பு இருக்கு, ஆளு இருக்கு. அப்புறம் என் கடை ஏன்யா எரியுது? நீயே சொல்லு!"

டன்லீவி ராஃபர்ட்டி பக்கம் திரும்பினார்.

"எந்திரிடா!"

"விளையாடாதீங்க தலைவரே. நம்ம பசங்க பாதி வழி வந்துட்டாங்க."

"எந்திரிடான்னா!"

ஒரே தள்ளு. ராஃபர்ட்டி சேற்றில் விழுந்தான். பீப்பாயைப் புரட்டிவிட்டு, மூன்றாம் கம்பெனிக்குக் குழாயைத் திறந்துவிட்டவர் மேயரேதான். ஆனால் என்ன பிரயோஜனம்? அதற்குள் கடையின் கூரை இறங்கிவிட்டது. பக்கத்து வீடுகள் மட்டும் தப்பின.

அந்த வாரமே, தொண்டர் கம்பெனிகளைக் கலைத்துவிட்டு, நகரமே சம்பளம் கொடுத்துத் தீயணைப்பு ஆட்களை வைக்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார் டன்லீவி. நகர மன்றத்தில் முட்டி மோதி நிறைவேற்றியும் விட்டார். வெளியே வந்தால், வாசலில் ஏழாம் கம்பெனி மொத்தமும் நின்று கூச்சல் போடுகிறது.

"நன்றிகெட்ட மனுஷா! உன்னைத் தூக்கி நாற்காலில வச்சது யாரு?" என்று கத்தினான் ராஃபர்ட்டி.

"நீங்கதான்டா! இல்லைன்னு சொன்னேனா?"

"எங்க ஓட்டு இல்லாட்டி மறுபடி கசாப்புக் கத்திதான்!"

"தாராளமா பிடிக்கிறேன். அது நான் உழைச்சுத் தின்ன தொழிலு, அதுல எனக்கு வெக்கமில்ல." படியிலிருந்து இறங்கி அவர்கள் நடுவிலேயே போய் நின்றார் டன்லீவி. "அடுத்தவ வீடு பத்தி எரியறப்ப, பேரு யாருக்குன்னு அடிச்சுக்கிறோமே, அதுக்குப் பேரு தொண்டு இல்லடா, கொலை! ஓட்டு போட்டாங்கங்கிறதுக்காக அதைப் பார்த்துக்கிட்டு இருக்கிற மேயரும் கொலைகாரன்தான். அந்தப் பதவி எனக்கு வேணாம், எடுத்துக்குங்க. சட்டத்துல கை வச்சுப் பாருங்கடா, பார்க்கலாம்!"