கூல் பல்பும் காலாட்டும் டிசைனும்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம். ஒரு பெயின்டர் பல்பு வாங்கப் போன கதை சொல்கிறேன். சிரிக்காமல் கேட்டு முடிப்பவருக்கு இன்னொன்று இலவசம்.

ஊரார் சுவரையெல்லாம் பளபளக்க வைத்த அந்தப் பெயின்டரின் சொந்த வீட்டு முன்சுவர் மட்டும் தோலுரிந்து கிடந்தது. அவன் மனைவியின் அண்ணன் வீடு கட்டி விற்கிறவர். ஒருநாள் போனில் சொல்லிவிட்டார்.

"நாற்பது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும் மாப்ள. நாளைக்குச் சாயங்காலம் வர்றேன். உன் வீட்டுச் சுவரைப் பார்த்துட்டுத்தான் வேலை உனக்கா, வேற ஆளுக்கான்னு சொல்வேன்."

ஒரு வருஷத்து வேலை!

மறுநாள் மழை விட்டு, அவன் அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பிக்கவே மதியம் தாண்டிவிட்டது. வாசல் விளக்கும் எரியவில்லை.

"ஏங்க, மஞ்சள் வெளிச்சம் தர்ற பல்பா வாங்குங்க. மழை பெஞ்ச நாள், வெள்ளை லைட்டுன்னா பூச்சி மொய்க்கும்" என்றாள் மனைவி.

கடையில் மஞ்சள் பல்பின் அட்டையில் 'வார்ம்' என்று இருந்தது. இவன் மிரண்டான். "வார்ம்னா சூடாச்சே! கண்ணாடிக் கூண்டுக்குள்ள வெடிச்சுடாதா? அந்தக் 'கூல்' பல்பைக் குடுங்க, குளுகுளுன்னு எரியட்டும்."

"அண்ணே, அது சூட்டைச் சொல்லலே, கலரைச் சொல்லுது."

"பெயின்டருக்கே கலர் சொல்லித் தர்றியா?"

கடைக்காரர் கூல் பல்பையே எடுத்துக் கொடுத்தார்.

பொழுது சாயும் நேரம் கடைசிப் பூச்சை முடித்துவிட்டு சுவிட்சைப் போட்டான். கூல் பல்பு வெள்ளைவெளேரென்று எரிந்தது. அவ்வளவுதான்! எங்கிருந்துதான் வந்தனவோ, ஈசல்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஈரப் பெயின்டில் அப்பிக்கொண்டன.

"உங்க கூல் பல்பு நல்லாத்தான் குளுகுளுங்குது. ஊர்ப் பூச்சியெல்லாம் இளைப்பாற வந்திருச்சு பாருங்க" என்றபடி மனைவி கொல்லைப்புறத்து மஞ்சள் பல்பைக் கழற்றி வந்து மாட்டினாள். ஈசல் வரத்து குறைந்தது. ஒட்டியது ஒட்டியதுதான். அதற்குள் அண்ணன் வந்து நின்றார்.

"அட, இதென்ன மாப்ள புள்ளி டிசைன்?"

பெயின்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "இப்ப இதுதான் மச்சான் ஃபேஷன்."

அண்ணன் மூக்கு உரசும் தூரத்துக்குப் போய்ப் பார்த்தார். "உன் ஃபேஷன் காலை ஆட்டுதே!"

மனைவி அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்தது. பெயின்டர் கூல், வார்ம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் ஓரங்களைப் பார்த்தார். ஒரு பிசிறில்லை, நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன.

"கை சுத்தம்டா மாப்ள. வேலை உனக்குத்தான். ஆனா நாற்பது வாசலுக்கும் பல்பை என் தங்கச்சிதான் வாங்குவா. நீ கடைப் பக்கமே போகக் கூடாது."

உங்கள் வாசலிலும் இதமான மஞ்சள் வெளிச்சம் நிறையட்டும், கண்ணுகளா. அதைத் தேடி வருவதெல்லாம் உறவாக இருக்கட்டும். சிறகு முளைத்ததெல்லாம் அடுத்த தெருவுக்குப் போகட்டும்.