ஒன்பதடிச் சுவரில் ஒரு சமையலறை

மனைவி அவன் பக்கமே திரும்பவில்லை. குடும்பக் கோர்ட்டில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அங்க ஒரு அடுப்படி கூடக் கிடையாதுங்க. பிள்ள போய் ரெண்டு நாள் தங்கினா என்னத்தச் சாப்பிடும்? மூணு வேளையும் கடைப் பொட்டலமா?"

லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பிரிந்து வந்த பிறகு அவன் பிடித்த வீடு மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. சமையலறை என்ற பெயரில் இருந்தது ஒரு குழாயும், ஒன்பதடி வெறும் சுவரும், ஒரு ஜன்னலும்தான். ஸ்டூல் மேல் ஒற்றை அடுப்பு. அதில் டீயைத் தவிர வேறெதுவும் கொதித்ததில்லை.

அதிகாரியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "முதல்ல ஒரு சமையலறை போடுங்க. நான் நேர்ல வந்து பாக்கறேன். சரியா இருந்தா மாசம் ரெண்டு வாரக் கடைசி பொண்ண அனுப்பச் சொல்லி எழுதித் தரேன்."

பதினான்கு மாதமாக அவன் மகளைப் பார்க்கவில்லை. சிட்டு என்பது அவன் வைத்த செல்லப் பெயர். ஓரிடத்தில் நில்லாமல் தத்தித் தத்தித் திரிவாள். முதல் நாலைந்து மாதம், அவளே வரட்டும் பார்க்கலாம் என்று மனைவிமேல் முறுக்கிக்கொண்டு இவன்தான் போகாமல் இருந்தான். ரோஷம் இறங்கியபோது விஷயம் வக்கீல்கள் கைக்குப் போயிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

பைக்கை விற்றான். வந்த காசை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல் வேலை பார்க்கும் அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, ரெடிமேட் சமையலறை அலமாரி விற்கும் கடை கடையாக ஏறினான். பளபளவென்று சிவப்புக் கதவு போட்ட ஒன்றைப் பார்த்து அவன் வாயைப் பிளக்க, அக்கா தோளில் ஒன்று வைத்தாள்.

"டேய், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி மூஞ்சிய மட்டும் பாக்காத. உள்ள பாரு."

அவளே கதவைத் திறந்து, கீல் பக்கத்துப் பலகை விளிம்பை நகத்தால் கீறினாள். பொடி உதிர்ந்தது. "தூளை ஒட்டின பலகை. சிங்க்குக்கு அடியில இத வச்சா ஆறு மாசத்துல டீயில நனைஞ்ச ரொட்டி மாதிரி ஊதிடும். ஏம்ப்பா, இதத் தலைல கட்டப் பாக்கறியா?" விற்பனைக்காரர் அசடு வழிந்தார்.

நாலாவது கடையில்தான் தோது கிடைத்தது. புது மாடல் வரப்போகிறது, பார்வைக்கு வைத்திருந்த பழைய செட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கதவு நிறம் சோகை பிடித்த சாம்பல். ஆனால் உள்ளே எல்லாம் தண்ணீருக்கு அசையாத பிளைவுட். அக்கா ஒரு டிராயரை முழுக்க இழுத்து, அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றித் தன் எடையைப் போட்டாள். அது ஓடும் சேனல் முனகக்கூட இல்லை. "என்னையே தாங்குது. எடுத்துடு" என்றாள். மிச்சக் காசைக் குழாயிலும் கிரானைட்டிலும் போடு, கதவை நாளைக்குக்கூட மாற்றிக்கொள்ளலாம் என்பது அவள் கட்சி.

கஷ்டம் என்னவென்றால் செட்டின் நீளம் பதினோரடி, சுவரோ ஒன்பதடி. ஒரு பெட்டி மிஞ்சும். கார்பென்டர் தலையைச் சொறிந்தார்.

"இத ஜன்னலுக்குக் கீழ போடுங்க" என்றான் அவன். "ஆனா காலைக் குறைச்சு, தாழ்வா. என் பொண்ணு நின்னு வேலை செய்யற மாதிரி."

"எவ்ளோ உயரம் சார் பாப்பா?"

அவன் கையைச் சட்டைமேல் வைத்துக் காட்டினான். "என் மூணாவது பொத்தான்."

"கையெல்லாம் காட்டாதீங்க, டேப்புல சொல்லுங்க."

யாரைக் கேட்பது? மறுபடி அதே பொத்தானைக் காட்டினான். கார்பென்டர் சிரித்துக்கொண்டே அளந்து, காலை வெட்டினார்.

வேலை முடிய எட்டு நாள். அவனும் லீவு போட்டுக் கூடவே நின்றான். தரை ஒரு பக்கம் வாட்டமாக இருந்ததால், ரசமட்டத்தை வைத்து ஒவ்வொரு பெட்டியாக நேர் செய்ய வேண்டியிருந்தது. லிஃப்டில் ஒரு நூல் பிசகினாலும் கதவு மூடாது. அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. சிங்க்கைச் சுற்றி சிலிக்கான் பசையைத் தானே இழுத்து, விரலால் ஒரே ஓட்டமாக வழித்தான். அதிகாரியம்மா வந்து குழாயைத் திருகிப் பார்த்தார், டிராயரைத் தள்ளிப் பார்த்தார். "எங்க வீட்லகூட இப்படி இல்லைங்க" என்று சொல்லி எழுதிக்கொடுத்தார்.

சனிக்கிழமை காலை மாமனார் சிட்டுவைக் கூட்டிவந்து, வாசலோடு விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சிட்டு நிலைப்படியில் நின்றாள். முகம் நீண்டிருந்தது. முன்பற்கள் இரண்டும் புதிதாக, பெரிதாக முளைத்திருந்தன. தத்தவில்லை.

"செருப்ப எங்க விடணும்?"

"எங்க வேணா விடுடா கண்ணு. இது உன் வீடு."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து அவனை 'நீ' என்றுதான் சொல்லியிருக்கிறாள். நீ தூக்குப்பா, நீ பொய் சொல்ற, நீ போ, உன் பேச்சு கா. மனைவி சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று முதலில் நினைத்தான். அப்படியே நினைத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அன்று சாயங்காலம் மாடிப்படியில் எதிர்வீட்டுப் பெரியவரிடம் அவள் பேசியதைக் கேட்டபோது புரிந்துவிட்டது. அதே குரல், அதே 'நீங்க'. யாரும் சொல்லித்தரவில்லை. பழக்கமில்லாத பெரியவர்களிடம் குழந்தை அப்படித்தான் பேசும்.

ஜன்னலோரத்துக்குக் கூட்டிப்போனான். "இது உன்னோட மேடை. உனக்குன்னே போட்டது."

"தேங்க்ஸ்" என்றாள்.

கிண்ணத்தில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, அடிக்கக் கொடுத்தான். அவள் அடிக்க ஆரம்பித்தாள். முதுகு வளைந்தது. சிறிது நேரத்தில் ஒரு கையை மேடையில் ஊன்றிக்கொண்டாள். அவன் மனசில் இருந்த மூன்றாவது பொத்தான் பதினான்கு மாதத்துக்கு முந்தியது. ஒருவேளை அதற்கும் முந்தியது.

"முதுகு வலிக்குதாடா?"

"இல்ல. கொஞ்சம் குனியணும். பரவால்ல."

வலிக்குது என்று கத்தியிருந்தால்கூடத் தேவலை. பழைய சிட்டு கத்தியிருப்பாள்.

மத்தியானம் மூன்று தடவை அம்மாவுக்கு போன் போட்டாள். ஞாயிறு காலை அவன் எழுந்து வந்தபோது, தலை வாரி, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம்தான் விட வேண்டும். அவன் பத்து மணிக்கே பஸ் ஏற்றிக் கொண்டுபோய் விட்டான். கதவு திறந்ததும் உள்ளே ஓடினாள்.

அக்காவிடம் சொன்னான். "நாலு ஆணி வேலைடா, மேடைய ஏத்திடலாம்" என்று அவள் தேற்றினாள்.

"அது ஏறிடும்க்கா" என்றான்.

ரோஷத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, மனைவிக்கு ஒரு செய்தி அனுப்பினான்: சிட்டு உயரம் எவ்வளவு? ஒரு மணி நேரம் கழித்து பதில் வந்தது. வெறும் எண். பிறகு இன்னொன்று: 'இன்னும் வளருவா. கொஞ்சம் கூட்டியே வை.' சண்டை தொடங்கியதிலிருந்து அவளிடமிருந்து அவனுக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். கார்பென்டர் வந்து, அவள் சொன்னபடியே கொஞ்சம் கூட்டி உயர்த்திக்கொடுத்தார்.

அதன்பின் சிட்டு ஐந்து முறை வந்தாள். இரண்டாவது முறை, தள்ளினால் தானாக மெல்ல மூடிக்கொள்ளும் டிராயரை ஒரு விரலால் தள்ளித் தள்ளி விளையாடினாள். நாலாவது முறை கணக்கு டீச்சரைப்போல நடித்துக்காட்டினாள். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். இன்னும் பத்து தடவை வந்தால் போதும், பிள்ளை திரும்பக் கிடைத்துவிடும் என்று அன்றைக்கு நம்பினான்.

பத்து தடவை கிடைக்கவில்லை. மனைவிக்கு மாற்றல் வந்தது. ரயிலில் ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் போக வேண்டிய ஊர். வேலையை விடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவனும் சொல்லவில்லை. "இனிமே பள்ளிக்கூட லீவுலதாங்க" என்றார் அதிகாரியம்மா, தன் தப்பு போல.

ஐந்தாவது முறை அவள் வந்தது ஊருக்குப் போவதற்கு முந்தின நாள். சாப்பிட்டு முடித்ததும் யாரும் சொல்லாமல் தட்டுகளைக் கழுவினாள். பிறகு துணியைப் பிழிந்து, சிங்க்கை மூலை மூலையாகச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்து, துணியை நாலாக மடித்துக் குழாயின்மேல் போட்டாள். அவள் அம்மாவின் கை அப்படியே. ஒன்பது வருடம் தினமும் பார்த்த கை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கீழே மாமனாரின் கார் ஹாரன் கேட்டது.

"நான் போயிட்டு வரேன்ப்பா. நீங்க நல்லா சாப்பிடுங்க, கடையில வாங்காதீங்க."

"சரிம்மா."

படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை கதவருகிலேயே நின்றான். உள்ளே வந்தால் சமையலறை துடைத்துவைத்தபடி இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கக்கூட மனசு வரவில்லை.

போன் அடித்தது. ஏதோ கட்டடத்தில் ஆறாவது மாடிக்கும் ஏழுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே இரண்டு பேராம். "பயப்படாம இருக்கச் சொல்லுங்க, இருபது நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.