மடியில் வாங்கிய குழந்தை

மலர்க்கொடி டீச்சருக்கு 'விசையும் இயக்கமும்' என்ற பாடம் வேப்பங்காய். ஸ்ரீரங்கத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து ஏழாம் வகுப்புக்கு அவள்தான் அறிவியல். ஆனால் அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்ததே இல்லை. "பூ, காய், வேர் எல்லாம் நான் பார்த்துக்கறேன் சார், இந்த தள்ளுறது, இழுக்கிறது, மோதுறதெல்லாம் நீங்க எடுத்துடுங்க" என்று ஆசீர் சார் தலையில் கட்டிவிடுவாள். அவரும் நல்ல மனுஷர், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த வருஷம் அவரை லால்குடிக்கு மாற்றிவிட்டார்கள். போச்சா! பாடம் இவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

ஆசீர் சார் ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து என்ன ஆகப் போகிறது.

மலர்க்கொடிக்கு மகாலட்சுமி என்று ஒரு பெண் இருந்தாள். ஒன்றரை வயசு. ஒருநாள் சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு மலர்க்கொடி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறினாள். கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை. முன் சீட்டில் இருந்த ஒருத்தி, முன்னே பின்னே தெரியாதவள், "குடுங்கக்கா, நான் வெச்சுக்கறேன்" என்று கையை நீட்டினாள். நிற்கிறவள் பிள்ளையை உட்கார்ந்திருக்கிறவள் மடியில் கொடுப்பது நம் ஊர் பஸ்ஸில் தினம் நடக்கிற சங்கதிதானே, பேர்கூடக் கேட்க மாட்டோம். இவளும் கொடுத்தாள். காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச்சாலை பக்கத்தில், குறுக்கே பாய்ந்த மாட்டுக்காக டிரைவர் ஒடித்துத் திருப்ப, பஸ் போய் நின்றிருந்த லாரியில் மோதியது. கூட்டம் அப்படியே ஒருத்தர் மேல் ஒருத்தராகச் சரிந்தது. மலர்க்கொடி எழுந்து பார்த்தபோது அந்தப் பெண் மடியில் பிள்ளை இல்லை. முன் கண்ணாடியின் அடியில் கிடந்தது.

"விட்டுட்டேனே, கையை விட்டுட்டேனே" என்று அந்தப் பெண் நடுரோட்டில் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். அவள் பேர் செல்லக்கிளி என்பது பிறகு போலீஸ் ஸ்டேஷனில்தான் தெரிந்தது. அந்தக் கத்தலை மலர்க்கொடி பிடித்துக்கொண்டாள். விட்டுட்டா. கேட்டு வாங்கினவள் விட்டுட்டா. அன்றிலிருந்து அவள் சோறு தின்றது, வேலைக்குப் போனது, தூங்கி எழுந்தது எல்லாம் அந்த ஒரு கோபத்தின் பலத்தில்தான்.

பிள்ளை போனது போனதுதான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அது எங்கே போனது? வருஷாவருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாசம் வந்தால் ஒரு வகுப்பு ஏறி வந்து உட்காரும். ஒண்ணாம் வகுப்பின் வாசலைத் தாண்டும்போது உள்ளே தெரிந்தது, அடுத்த வருஷம் இரண்டாம் வகுப்பில் தெரிந்தது. இந்த வருஷம் ஏழாம் வகுப்பு, மலர்க்கொடியின் வகுப்புக்கே வந்துவிட்டது. முதல் நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கையில் "பீமராவ்" என்றாள், அவன் எழுந்தான். அடுத்த பேரைப் படிப்பதற்குள் வாய் தானாக "மகாலட்சுமி" என்றது.

"உள்ளேன் டீச்சர்."

ஜன்னலோர பெஞ்சில், யாழினிக்குப் பக்கத்தில், யாரும் உட்காராத இடத்திலிருந்து வந்தது சத்தம். மலர்க்கொடிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது. பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது யாரு டீச்சர், புது அட்மிஷனா?" என்று கேட்டான் பீமராவ். சரியான வாயாடி அவன்.

அதே முதல் நாள்தான் இன்னொன்றும் நடந்தது. அந்த வருஷம்தான் புதிதாகச் சேர்ந்திருந்த யாழினியைக் கொண்டுவந்து விட அவள் அம்மா கேட் வரைக்கும் வந்தாள். நிறைமாசம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தவள், கேட்டில் நின்றிருந்த டீச்சரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். செல்லக்கிளி! இளைத்துக் கறுத்து வயசுக்கு மீறி மூப்பு தட்டியிருந்தாள், ஆனால் அந்த முகத்தை மலர்க்கொடி மறப்பாளா? செல்லக்கிளி திரும்பி, அந்த வயிற்றோடு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். அதற்கப்புறம் அப்பா அழகிரிதான் பெண்ணைக் கொண்டுவந்து விட்டுப் போவார். தன் டீச்சர் யார் என்று யாழினிக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் பாடம் வந்தே விட்டது. மலர்க்கொடி கோலிக்குண்டையும் ரப்பர் பந்தையும் வைத்துச் சுருக்கமாக முடித்துவிடலாம் என்று பார்த்தாள். "ஓடுற பொருள் ஓடிக்கிட்டே இருக்கத்தான் பார்க்கும். நிக்கிற பொருள் நின்னுக்கிட்டே இருக்கத்தான் பார்க்கும். அதை மாத்தணும்னா ஒரு விசை வேணும்." சரி, ஆயிற்று என்று புத்தகத்தை மூடப் போனாள். பீமராவ் விடுவானா? வீட்டிலிருந்து பேரிங் சக்கரம் மாட்டிய பலகை வண்டி கொண்டுவந்திருந்தான். தண்ணீர் பாட்டிலை அதில் கட்டி வைத்து, "இது அம்மா" என்றான். களிமண்ணில் சின்னதாக ஒரு உருவம் பிடித்துப் பாட்டிலுக்கு முன்னால் உட்கார வைத்து, "இது பாப்பா" என்றான். சாய்வான பெஞ்சிலிருந்து வண்டியை விட்டான். கீழே செங்கல்லில் மோதி வண்டி நின்றது. பாட்டில் நின்றது. பாப்பா பறந்து கரும்பலகையின் அடியில் போய் விழுந்தது.

வகுப்பே ஹோவென்று சிரித்தது. மலர்க்கொடியின் இரண்டு கையும் அவளைக் கேட்காமலே முன்னால் நீண்டிருந்தன. அதைப் பார்த்த யாழினி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"டீச்சர், நிஜ அம்மாவா இருந்தாலும், எவ்ளோ இறுக்கிப் புடிச்சாலும், பாப்பா போகத்தானே செய்யும்?"

"ஏன் கேக்கற?"

"எங்கம்மா ஒரு தடவை பஸ்ஸுல யாரோட பாப்பாவையோ மடியில வெச்சிருந்தாங்களாம். பஸ் மோதி, பாப்பா விழுந்து செத்துப்போச்சாம். அதுலேருந்து எங்கம்மா எந்தக் குழந்தையையும் தூக்கறதில்ல டீச்சர். என்னைக்கூட அத்தைதான் தூக்கி வளர்த்தாங்க. இப்ப தம்பி பொறந்திருக்கான். அவனையும் தூக்க மாட்டேங்கறாங்க. பாயில போட்டு, பக்கத்துல படுத்துக்கிட்டுத்தான் பால் குடுக்கறாங்க. தூக்கினா விட்டுடுவேன்னு அழறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அம்மா மேல தப்பு இல்லதானே டீச்சர்? நீங்க சொன்னா வீட்டுல போய் சொல்லுவேன்."

எந்தப் பிள்ளை எந்தக் கேள்வியை யாரிடம் வந்து கேட்கிறது பாருங்கள்! மலர்க்கொடிக்குப் பதில் தெரியாமல் இல்லை. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். ஆனால் அந்த ஒரு கணக்கை மட்டும் அவள் போட்டுப் பார்த்ததே கிடையாது. போட்டால் என்ன வரும் என்று அடிமனசுக்குத் தெரியும். வந்துவிட்டால் அப்புறம் யார் மேல் கோபப்படுவது? இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டு நின்ற கம்பி கையை விட்டுப் போய்விடுமே.

"இறுக்கிப் புடிச்சிருந்தா போயிருக்காது" என்றாள் மலர்க்கொடி. "உக்காரு."

பச்சைப் பொய். வாயிலிருந்து வந்ததும் நாக்கு கசந்தது. யாழினி உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஆளில்லாத பெஞ்சுப் பலகை லேசாகக் கிறீச்சிட்டது, உட்கார்ந்திருந்த யாரோ எழுந்துகொண்டது போல.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் கூட்டமில்லை. மலர்க்கொடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாம்பழச்சாலை வந்தது. வண்டி வேகம் குறைந்தபோது மடியில் ஏதோ வந்து அமர்ந்தது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கனம் இருந்தது. சில்லென்று, ஈரத்துணி போர்த்திய குழந்தையின் கனம். பாலம் முழுக்க அது அசையவில்லை. "மகா, மகா" என்று முணுமுணுத்தாள். பதில் இல்லை. அழுகை இல்லை, சிணுங்கல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சத்திரத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"அம்மா, கடைசி ஸ்டாப்பு. இறங்குங்க" என்றார் கண்டக்டர். அப்போதுதான் கனம் விட்டது. இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன.

மறுநாள் காலை யாழினி மேஜை அருகில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அம்மாகிட்ட சொன்னேன் டீச்சர். எந்த டீச்சர் சொன்னாங்கன்னு கேட்டாங்க. மலர்க்கொடி டீச்சர்னு சொன்னேன். 'அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு சொன்னாங்க." உதட்டைக் கடித்தாள். "நேத்துலேருந்து தம்பிக்குப் பாலும் குடுக்கல. கிட்டவே போகல. அத்தை புட்டிப்பால் வெச்சாங்க, அவன் குடிக்கல. ராத்திரி பூரா கத்தினான்."

நேற்று சொன்ன ஒரு வாக்கியம் ஒரு கைக்குழந்தையின் பட்டினியாகிவிட்டதே! செத்த பிள்ளைக்காக உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பட்டினி போடுகிறோமா? சீ, நானெல்லாம் ஒரு டீச்சரா என்று மலர்க்கொடிக்குத் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் அந்தக் கணக்கை முதன்முறையாகப் போட்டாள். பஸ்ஸின் வேகம், மோதி நின்ற தூரம், குழந்தையின் எடை பத்துக் கிலோ. விடை வந்தது. பிள்ளையைப் பிடித்து நிறுத்த நூறு கிலோவுக்கு மேல் தாங்குகிற பலம் வேண்டும். ரெண்டு சிமெண்ட் மூட்டை.

கணக்கு சொன்னதை அவள் புத்தி ஒப்புக்கொண்டது. கை ஒப்புக்கொள்ளவில்லை. 'எனக்குப் புடிக்கத் தெரிஞ்சிருக்கும்' என்றது கை. பெற்றவள் கை வேறு, ஊரார் கை வேறு என்றது.

"எல்லாரும் கிரவுண்டுக்கு வாங்க" என்றாள்.

சத்துணவுக் கூடத்தில் கேஸ் சிலிண்டர் தள்ளும் நாலு சக்கர வண்டி இருந்தது. சத்துணவு பார்க்கும் சாரா பீவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன டீச்சரம்மா, தேர் இழுக்கப் போறீங்களா?" என்று கேலி செய்தாள். மலர்க்கொடி சிரிக்கவில்லை. ஒரு சாக்கில் மணல் அள்ளி, சாரா பீவியின் தராசில் சரியாகப் பத்துக் கிலோ நிறுத்து, வாயைக் கட்டினாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் முன் சட்டத்தில் உதைத்துக்கொண்டு, சாக்கை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தாள். நேற்று பஸ்ஸில் இருந்த அதே கனம்.

"தள்ளுங்க. எவ்ளோ வேகமா முடியுமோ அவ்ளோ வேகமா. அந்தப் படிக்கட்டுல மோதணும்."

"ஐயோ டீச்சர், அடிபடும்!" என்றாள் சாரா பீவி. கேலி போன இடம் தெரியவில்லை.

"படட்டும்."

பீமராவும் அஜித்தும் இன்னும் நாலு பேரும் வண்டியை முட்டித் தள்ளினார்கள். சக்கரம் கடகடவென்று ஓடியது. மலர்க்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். மகா, மகா, அம்மா புடிச்சிருக்கேன், விட மாட்டேன்டி தங்கம் என்று இரண்டு கையையும் கோத்து, விரல் வெளுக்க இறுக்கினாள். மோதப்போகிறது என்று தெரியும். எந்த நொடி என்று தெரியும். செல்லக்கிளிக்கு அதுகூடத் தெரியாது.

டமாரென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது சாக்கு படிக்கட்டின் மேல் கிழிந்து கிடந்தது. மணல் சிதறியிருந்தது. அவள் கைகள் இன்னும் நெஞ்சோடு கோத்தபடியே இருந்தன. விரல் ஒன்றுகூடப் பிரியவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சாக்கு உரசித் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"டீச்சர், விட்டுட்டீங்களா?" என்று பீமராவ் மெதுவாகக் கேட்டான்.

"இல்லடா" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவில்லை. "விடவே இல்ல. ஆனா போயிடுச்சு."

சாரா பீவி தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். மலர்க்கொடி அதை வாங்கவில்லை. தலைமை ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். மேலூர் ரோட்டில் ஒரு சந்தில்தான் வீடு. வாசலிலேயே குழந்தையின் சத்தம் கேட்டது, கத்திக் கத்திக் கம்மிப்போன சத்தம்.

உள்ளே பாயில் பிள்ளை கிடந்தது. அத்தை புட்டியோடு போராடிக்கொண்டிருந்தாள். எதிர்ச்சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் செல்லக்கிளி. மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"என்னை அடிச்சுடுங்கக்கா" என்றாள். "எத்தனையோ நாளா நெனைச்சுக்கிட்டேதான் இருக்கேன், நீங்க வருவீங்கன்னு."

யாழினி விழித்தாள். "அம்மா, டீச்சரை உனக்குத் தெரியுமா?"

"யாழினி, அந்தப் பாப்பா என் பொண்ணு" என்றாள் மலர்க்கொடி. பிறகு செல்லக்கிளியைப் பார்த்து, "நேத்து நான் சொல்லி அனுப்பினது பொய். தெரிஞ்சே சொன்ன பொய்" என்றாள். உரிந்த கையை நீட்டிக் காட்டினாள். "இன்னிக்கு பத்துக் கிலோ மூட்டையை மடியில வெச்சு, வண்டியை மோதவிட்டு நான் புடிச்சுப் பார்த்தேன். பெத்தவ நான், மோதும்னு தெரிஞ்சே புடிச்சேன். என்னாலயும் முடியல. யாராலயும் முடியாதும்மா. உன் கை விடல."

செல்லக்கிளி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், இல்லை இல்லை என்று. கைகள் முந்தானைக்குள்ளேயே இருந்தன. பேசிப் புரிய வைக்கிற காரியம் இல்லை அது. மலர்க்கொடி குனிந்து பாயிலிருந்த பிள்ளையைத் தூக்கினாள். மகாவுக்கு அப்புறம் அவளும் ஒரு குழந்தையைத் தூக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. காயத்தில் பிள்ளையின் கால் பட்டு எரிந்தது. இரண்டடி நடந்து, செல்லக்கிளிக்கு நேரே நீட்டினாள்.

"ஐயோ, வேணாங்கக்கா, விட்டுடுவேன்."

"எனக்குக் கை வலிக்குதும்மா" என்றாள் மலர்க்கொடி. "ரொம்ப நேரம் என்னால வெச்சிருக்க முடியாது. வாங்கிக்க."

குழந்தை வீறிட்டது. முந்தானைக்குள்ளிருந்து முதலில் ஒரு கை வந்தது. அப்புறம் இன்னொரு கை வந்தது.