துவைகல்லின் முகம்

பால்துரை ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் டபேதார். வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையுமாக வாசலில் நின்று வாதி, பிரதிவாதி பேரை மூன்று தடவை கூப்பிடுகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் ஊரார் பேரையெல்லாம் கூப்பிட்ட மனுஷனுக்குத் தன் பேரை எங்கேயாவது எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்ததில் தப்பில்லை. அந்த ஆசைக்கு அவளுடைய துவைகல்தானா கிடைத்தது என்பதுதான் அவர் சம்சாரம் ஏசம்மாளின் வருத்தம்.

அந்தக் கல்லைச் செண்பகத்தோப்பு ஓடையிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து கொல்லைக் கிணற்றடியில் போட்டவர் அவள் மாமனார். ஏசம்மாள் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இருபத்தாறு வருஷம் அதில்தான் துவைத்தாள். ஆறு பிள்ளைகளின் துணியும் டபேதாரின் வெள்ளை உடுப்பும் அதில்தான் அடிபட்டன. போன வருஷம், 1937 தை மாதம், கோபுரம் பார்க்க வந்திருந்த மெட்ராஸ் மியூசியம் அதிகாரி ஒருவர் பின்சந்து வழியாகப் போகும்போது கல்லின் ஓரத்தில் ஏதோ செதுக்கியிருப்பதைப் பார்த்தார். நாலு ஆளை விட்டுப் புரட்டச் சொன்னார். அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்த ஓர் ஆள் இருந்தார்.

மாமனார் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கல்லைக் கொண்டுவந்தபோது அவர் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகியிருந்த புதிது. எதற்கு வம்பு என்று குப்புறப் போட்டுவிட்டார்.

தெருவே திரண்டு வந்து அந்த முகத்தைப் பார்த்தது. ஏசம்மாள் மட்டும் பார்க்கவில்லை. கல்லைப் புரட்டுகிற நேரத்தில்தான், அதிகாரிக்குக் காப்பி போட்டு எடுத்து வா என்று பால்துரை அவளை உள்ளே விரட்டியிருந்தார். கொட்டையை வறுத்து, இடித்து, வடிகட்டி, டம்ளரோடு அவள் வெளியே வந்தபோது கல்லுக்கு வைக்கோல் சுற்றி, சாக்குப் போட்டு, வண்டியில் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. காப்பி பிரமாதம் என்று அதிகாரி சொன்னார்.

எதிர்வீட்டு முத்துப்பேச்சி, அந்த ஆள் சிரிக்கிறார் என்றாள். சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டு நூர்பானு, இல்லை, தூங்குகிறார் என்றாள். இருபத்தாறு வருஷம் ஒருத்தர் முதுகில் அடித்திருக்கிறோம், அவர் முகம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது என்பது ஏசம்மாளுக்குப் பெரிய குறையாக இருந்தது. புதிதாகப் போட்ட கல்லில் துவைக்கும்போதெல்லாம் அந்த நினைப்புத்தான். ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

பால்துரைக்கும் மெட்ராஸ் போக வேண்டும். ஆனால் முகத்துக்காக அல்ல. மியூசியத்தில் ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்திலும் ஓர் அட்டை வைத்திருப்பார்கள், கொடுத்தவர் பேர் அதில் இருக்கும் என்று கோர்ட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் தரையில் நடக்கவில்லை.

யாத்திரைக் கமிட்டி கூடியது. பால்துரை, ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் பார்க்கும் எதிர்வீட்டு முத்துராமலிங்கம், பக்கத்து வீட்டு மளிகைக்கடை பக்கீர் முகமது. கமிட்டியின் முதல் தீர்மானம், மியூசியம் பார்ப்பது ஆண்பிள்ளைகள் சமாச்சாரம் என்பது. இரண்டாவது தீர்மானம் சாப்பாட்டைப் பற்றியது. பக்கீர் முகமதுக்கு ஹலால் பார்க்க வேண்டும். முத்துராமலிங்கம் வெளியே எங்கும் கைநனைக்காதவர். பால்துரைக்கு ஏசம்மாள் குழம்பு இல்லாவிட்டால் வயிறு கேட்காது. ஆகவே மூன்று பேரும் சமைப்பதற்காக அவரவர் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு போவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. புதுப்பேட்டையில் பால்துரையின் சித்தப்பா மகன் வீடு காலியாக இருந்தது. அங்கிருந்து மியூசியம் நடக்கிற தூரம்தான். பெண்கள் வீட்டில் சமைத்துக்கொண்டு இருக்கலாம்.

திறந்திருக்கும் நாள் விவரம் கேட்டு மியூசியத்துக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கமிட்டியில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஏசம்மாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை வாசித்தவள். அவள்தான் எழுதினாள். பதினைந்தாம் நாள் பதில் வந்தது. அதையும் அவள்தான் வாசித்தாள்.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்று வாசித்ததும் பக்கீர் முகமது, நல்லதாகப் போயிற்று, அன்றைக்கு ஜும்மா, எப்படியும் தான் வரமுடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலை விட முடியாது என்றார் பால்துரை. திங்கள் முதல் வியாழன் வரை பஞ்சு வண்டி வரும், அசைய முடியாது என்றார் முத்துராமலிங்கம். மிச்சம் இருந்தது சனிக்கிழமை. மே மாதம் கோர்ட் லீவு. இரண்டாம் சனிக்கிழமை முத்துராமலிங்கத்தின் கொழுந்தியாள் வீட்டில் காதுகுத்து. அப்படியானால் முதல் சனிக்கிழமை.

ஏசம்மாள் அடுத்த வரியைப் பார்த்தாள். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் கோஷாப் பெண்களின் வசதிக்காகப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று போட்டிருந்தது.

“முதல் சனிக்கிழமையைப் பத்தி ஒண்ணு போட்டிருக்கு,” என்றாள்.

“நாள் குறிக்கது நாங்க பாத்துக்கிடுதோம். நீ போயி மூணு காப்பி போடு ஏட்டி,” என்றார் பால்துரை.

அவள் போய்க் காப்பி போட்டாள்.

மறுநாள் அவர் சாப்பிடும்போது மறுபடியும் சொல்ல வாயெடுத்தாள். அட்டையில் வெறும் பால்துரை என்றிருக்குமா, பால்துரை டபேதார் என்றிருக்குமா என்று அவர் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கைகழுவப் போய்விட்டார். டிக்கெட் எடுக்கப் புறப்பட்ட அன்று மூன்றாம் தடவையாக ஆரம்பித்தாள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது பின்னால் கூப்பிடாதே என்று எரிந்து விழுந்தார். ஏசம்மாள் திரும்பி வந்து யோசித்தாள். கோர்ட்டில் மூன்று தடவை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் கேஸ் எக்ஸ்பார்ட்டி, அந்த ஆள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். இத்தனை வருஷமாக அவரே சொல்லிச் சொல்லி அவளுக்குப் பாடமான சட்டம் அது. கடிதத்தை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டாள்.

மனசாட்சி உறுத்தாமல் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைக் காதில் வாங்காமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற சந்தோஷம் உறுத்தலைவிடப் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ரயிலேறினார்கள். விருதுநகரில் வண்டி மாறினார்கள். சனிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்ததும் ஆண்கள் மூவரும் குளித்து, சலவை வேஷ்டி கட்டி, பால்துரை மட்டும் சிவப்புப் பட்டையையும் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணிக்குச் சோறு தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் ஏசம்மாள் மற்ற இருவரிடமும் விஷயத்தைச் சொன்னாள். அப்புறம் மூன்று அடுப்பும் ஒரே நேரத்தில் எரிந்தன. ஆண்கள் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தபோது சோறு வடித்து, குழம்பு இறக்கி, எல்லாவற்றையும் மூடி வைத்தாகிவிட்டது. பெண்கள் மூவரும் புறப்பட்டு நின்றார்கள். நூர்பானு வெள்ளைத் துப்பட்டி போட்டிருந்தாள். முத்துப்பேச்சி கையில் முழம் மல்லிகை வைத்திருந்தாள்.

“இது லெட்டர்ல போட்டிருந்துச்சா?” என்று பால்துரை கேட்டார்.

“போட்டிருந்துச்சு. வாசிக்கப் போனேன். நீங்க காப்பி போடச் சொன்னீக.”

பால்துரை சிவப்புப் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அட்டையில் தன் பேர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வரச் சொன்னார். குரல் தணிந்து போயிருந்தது. அவளுக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மியூசியத்துக்குள் மூன்றாவது கூடத்தில், சுவரோரமாக, அந்தக் கல்லை மேடை போட்டு நிமிர்த்தி வைத்திருந்தார்கள். முத்துப்பேச்சி சொன்னது போல அவர் சிரிக்கவில்லை. நூர்பானு சொன்னது போலத் தூங்கவுமில்லை. கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருந்தார். பின்னால் யார் என்ன அடித்தாலும் தனக்கு ஒன்றுமில்லை என்கிற முகம். ஏசம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கலாமென்றால் விக்கிரகத்திடம் கேட்கக் கூடாது. சும்மா போகவும் மனமில்லை. நல்லாயிருக்கீகளா என்று மெதுவாகக் கேட்டாள். முத்துப்பேச்சி, காவலுக்கு நின்ற அம்மாள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து மல்லிகையைக் காலடியில் வைத்தாள்.

முதுகுப் பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. சுவர் மறைத்திருந்தது. ஏசம்மாள் குனிந்து அட்டையை ஒரு தடவை வாசித்தாள். பிறகு எழுத்தெழுத்தாக இன்னொரு தடவை வாசித்தாள்.

வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில், கூட வந்திருந்த ஆண்கள் மூவரும் காத்திருந்தார்கள். அவளைக் கண்டதும் பால்துரை எழுந்து வந்தார்.

“எம் பேரு போட்டிருக்கா?”

“ஊர்ப் பேரு போட்டிருக்கு. உங்க பேரு இல்ல.”

“வேற யாரு பேரு இருக்கு?”

“யாரு பேரும் இல்ல,” என்றாள் ஏசம்மாள். “பின்பக்கம் ரொம்ப வருஷப் புழக்கத்துல தேஞ்சிருக்குன்னு போட்டிருக்கு. நான் தொவைச்சது போட்டிருக்கு.”