மேனியன் வளைவில் காலூன்றாதவர்

இனிஷ்கல் தீவில் ஃபெர்கல் டூலன் ஒன்பது வருஷமாக ஒரே இடத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறார். படகுத்துறையிலிருந்து மேற்கே போகிற சாலையில், கோட்டை மேட்டுக்குப் பாதி ஏற்றத்தில், மேனியன் வீட்டுக் கல்சுவர் வளைகிற இடம். சக்கரம் சுற்றுகிறது, சைக்கிள் ஓரங்குலம் நகர்வதில்லை. காற்று அவர் முகத்துக்கு நேராக மட்டும் அடிக்கிறது. பத்தடி தள்ளி, பக்கத்து வீட்டு டெலியாவின் கொடியில் துணிகள் வேறு பக்கமாக ஆடிக்கொண்டிருக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் தீவில் வேறெங்கும் கிடைக்காத ஓர் அமைதி இருக்கிறது. அதை முதலில் கண்டுபிடித்தவை ஆடுகள். குட்டி ஈனுகிற காலத்தில் அங்கே இடம் கிடைப்பதில்லை.

ஆள் தீவுக்காரர் இல்லை. எதிர்க்கரையில் பாலிக்ளோன் என்கிற ஊரில் பள்ளிக்கூடத்து உதவித் தலைமை ஆசிரியராக இருந்தவர். மூன்று தலைமை ஆசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். இவர் கடைசிவரை உதவியாகவே இருந்து ஓய்வு பெற்றார். அந்தக் குறை தீரத்தான் ஊர் சைக்கிள் சங்கத்துக்குத் தலைவரானார் என்பது பேச்சு. கழுத்தில் விசில், மஞ்சள் மேல்சட்டையின் முதுகில் தலைவர் என்ற எழுத்து. அந்த எழுத்துகளை அவரே இஸ்திரிப்பெட்டி வைத்து ஒட்டினார் என்று அவர் மனைவி இமெல்டா ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். சங்கத்துக்கு விதிகளும் அவரே எழுதினார். ஒற்றை வரிசையில் போக வேண்டும். இரண்டு கையும் கைப்பிடியை விடக் கூடாது. மேடு ஏறும்போது காலைத் தரையில் ஊன்றுகிறவர் தலைவராக லாயக்கில்லை. இந்தக் கடைசி விதி, மாமிசக்கடை நடத்தும் அசம்ப்டாவுக்காகவே பிறந்தது. அவளுக்கு முழங்கால் வலி. மேடு கண்டால் இறங்கித் தள்ளுவாள். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த சங்கத் தேர்தலில் அவள்தான் அவரை எதிர்த்து நிற்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். தேர்தலுக்கு முந்தின நாள் சங்கம் இனிஷ்கல் மேட்டுக்குப் போவது எதற்கென்று சைக்கிளுக்குக்கூடத் தெரியும்.

படகுத்துறையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவள் டெலியா. தீவில் யார் எதிரே வந்தாலும் கைப்பிடியிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைப்பது வழக்கம். பாதிரியாருக்கும் அதே விரல்தான், சவ வண்டிக்கும் அதே விரல்தான். மேனியன் வளைவில் எதிர்ப்படுவது காற்று. அதற்கும் தூக்க வேண்டும்.

“வளைவுல காத்து எதிர்ல வரும். ஒரு விரலத் தூக்குங்க, போதும். அதுவும் இந்த ஊர்க்காரந்தான்,” என்றாள் டெலியா, படகில் வந்திறங்கிய சங்கத்தாரிடம்.

“கைப்பிடிய விடுறது எங்க சங்க விதிக்கு ஒத்துவராதும்மா.”

“விரலத்தானே ஐயா கேக்குது? கையவா கேக்குது?”

ஃபெர்கல் விசில் ஊதினார். டெலியா மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. இந்தத் தீவில் ஒரு நாள் காலையில் விரல் தூக்காமல் போனதற்காக இரண்டு குடும்பங்கள் மூன்று தலைமுறையாகப் பேசிக்கொள்ளாமல் இருப்பதை அவள் அறிவாள். காற்றும் இங்கேயே பிறந்து வளர்ந்ததுதான், அதற்கு மட்டும் பெருந்தன்மை எங்கிருந்து வரும்?

வளைவில் எட்டுப் பேர் விரலைத் தூக்கினார்கள், சிலர் கேலிக்காக. அசம்ப்டா கடைக்கு வந்த வாடிக்கையாளரைக் கண்டதுபோல முழுக் கையையும் ஆட்டினாள். காற்று அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் முதுகில் கைவைத்துத் தள்ளியது. வலிக்கிற முழங்காலை மடக்காமலே, சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே அவள் கோட்டை மேட்டில் ஏறிப் போனாள். ஃபெர்கல் இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கி நேரே பார்த்து மிதித்தார். காற்று அவருக்கு முன்னால் வந்து நின்றது. விசிலை ஊதினார், சத்தம் திரும்பி வாய்க்குள்ளேயே போனது. சைக்கிளைத் திருப்பினார். காற்றும் திரும்பி எதிரே நின்றது.

மாலையில் படகு சங்கு ஊதியபோது அசம்ப்டா ஓடி வந்தாள்.

“இறங்குய்யா! படகு கெளம்புது!”

“இறங்கினா காலு தரையில படும்.”

“படட்டுமே! தரை என்ன தீயா?”

“இப்போ படட்டும்ப. நாளைக்குத் தேர்தல்ல அதையே எடுத்துவிட்டு சிரிப்ப.”

அவள் சிரித்திருப்பாள்தான், அதில் சந்தேகமில்லை. படகு அவரை விட்டுவிட்டுப் போனது. மறுநாள் கூட்டத்தில், மேட்டின் உச்சியில் சாண்ட்விச்சை முடிக்க இறங்கியவளைவிட இன்னும் இறங்காதவரே விதிக்குப் பொருத்தம் என்று ஃபெர்கலையே தேர்ந்தெடுத்தார்கள். அவர் திரும்பி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயமும் இருந்தது.

பிறகு வருஷங்கள் போயின. டாக்டர் வந்து நாடி பார்த்து, இவ்வளவு நல்ல இதயத்தைத் தன் தொழிலில் கண்டதில்லை என்றார். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். அது காற்றில் திரும்பி அவர் மேலேயே விழுந்தது. இமெல்டா ஒரு முறை வந்தாள், சிறிது நேரம் நின்று பார்த்தாள், “வீட்டுலயும் இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த படகில் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்குக் காலுறை அனுப்புகிறாள். சுற்றி வருகிற காலை எட்டிப் பிடித்து அதை மாட்டிவிடுவது டெலியாவின் வேலை. உருளைக்கிழங்கு சூப்பும் அவள்தான் ஊட்டுகிறாள். தூக்கத்தில் தலை தொங்கும், கால் நிற்காது. சாலைக்குப் புதிதாகத் தார் போட்டபோது அவரைச் சுற்றிப் போட்டார்கள்.

அசம்ப்டா ஒவ்வொரு கோடையிலும் சங்கத்தோடு வந்தாள். இந்த ஆண்டும் வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

“ஒரு விரலுய்யா. அதுவும் கோவத்த விட்டுரும், நீயும் வீட்டுக்குப் போகலாம்.”

“விரலத் தூக்கினா காத்து வழிவிடும். மேல போயிடுவேன். போனா இறங்கணும். அப்புறம் தலைவர் பதவி?”

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சங்கத்தைக் கலைத்து மூன்று வருஷமாகிறது. பாதிப் பேர் கோல்ஃப் ஆடப் போய்விட்டார்கள், மீதிப் பேர் பேட்டரி சைக்கிள் வாங்கிவிட்டார்கள். இன்றைக்கு வந்திருக்கும் எட்டுப் பேரையும் அவள்தான் ஆட்டுத்தொடையை ஆசை காட்டி, பழைய மஞ்சள் சட்டையை மாட்டிவிட்டு இழுத்து வந்திருந்தாள். ஒன்பது வருஷம் காத்திருந்த வெற்றி, ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். அவர் முகத்தைப் பார்த்தாள். காற்று தோலைக் காதுவரை இழுத்து இழுத்து, அது எப்போதும் சிரிக்கிற முகமாகிவிட்டிருந்தது. முதுகில் எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை.

“பதவி ஒன்னோடதுதான்யா. இந்த வாட்டி போட்டியே இல்ல,” என்றாள்.

அதில் பொய்யும் இல்லை.

“அப்போ வரிசைய நேராக்கச் சொல்லு. மாடு மேய்க்கப் போற மாதிரி வர்றானுங்க.”

அவள் திரும்பிக் கை காட்டினாள். எட்டுப் பேரும் ஒற்றை வரிசைக்கு வந்தார்கள், அவளும் கடைசியில் சேர்ந்துகொண்டாள். வளைவைக் கடக்கையில் காற்றுக்கு ஒரு விரல், தலைவருக்கு ஒரு விரல் தூக்கினார்கள். காற்று அவர்களை மேலே தள்ளிக்கொண்டு போனது.

அன்று மாலை வானொலி, மறுநாள் தீவில் தென்மேற்குக் காற்று என்றும், டூலன் அருகே வழக்கம்போல எதிர்க்காற்று என்றும் சொன்னது. டெலியா சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு, துணிகளைத் தென்மேற்குக்குத் தோதாக மாற்றிப் போட்டாள்.